உப்பளத்து மாளிகை வழக்கு

போலீஸ்காரர்கள் கொண்டுவந்த பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன. படத்தைத் தயாரித்து இயக்கிய ரோஸ்கோ, கேமராக்காரன், நாயகி, நாயகன், கடைசியாக விளக்குப் பிடித்தவன். என் பெயர் இல்லை. கதையும் வசனமும் எழுதியவன் நான். விளக்குப் பிடித்தவனைவிடவா நான் மட்டம் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உனக்கு மூளை கெட்டுப்போச்சா வாத்தியாரே?" என்றார் ரோஸ்கோ. "அஞ்சு வருஷம் உள்ள தள்ளுற கேஸு. பேரு இல்லேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிற ஒரே ஆளு உலகத்துலயே நீதான்."

"டைட்டில்ல இருக்கே! கதை வசனம் வெண்டல் பிக்கெட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. ஒருத்தனும் படிக்கலையா?"

"டைட்டிலை எவன்யா பாக்குறான்? பட்டனைத் தட்டி ஓட்டிவிட்டுட்டுப் போயிட்டே இருக்கான்."

என் வயிற்றெரிச்சலே, படத்தை வேகமாக ஓட்டிவிடும் அந்தப் பட்டன்தான். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே, எங்கள் பள்ளத்தாக்கில், வயது வந்தோர் படங்கள் எடுக்கும் கம்பெனிகள் தெருவுக்கு இரண்டு இருந்தன. ரோஸ்கோவின் கம்பெனிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடமாக வைத்து, எந்தப் பிள்ளையும் கடைசிப் பக்கத்தைப் பார்க்காத பெரிய பெரிய நாவல்களைத்தான் அவர் எடுப்பார். அந்தப் பாடத்தைப் பன்னிரண்டு வருடம் நடத்திவிட்டு வேலையை விட்டவன் நான். அப்புறம் ரோஸ்கோவிடம் பதினோரு வருடம், நாற்பத்து மூன்று படம்.

ரோஸ்கோவுக்கு இலக்கியத்தின் மேல் காதல் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு படத்தை மொத்தமாகப் பார்த்தால் அதில் இலக்கிய மதிப்பு இருக்கிறது என்று ஒப்பிக்க முடிந்தால், சட்டப்படி அது ஆபாசம் ஆகாது. வெயில் காலத்திலேயே வாங்கி மூலையில் சாத்தி வைத்த குடை நான். மழை வரும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

படப்பிடிப்பில் என் வசனக் காட்சிகளுக்கு 'இடைவேளை' என்று பெயர். "இடைவேளை எடுக்கலாம்!" என்று ரோஸ்கோ கத்தினால், ஒப்பனைப் பெண் சிகரெட் பிடிக்கப் போவாள். ஒலிப்பதிவுக்காரன் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு சாண்ட்விச்சைப் பிரிப்பான். நடிகர்கள் என் வரிகளை, ரயில் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஒப்பிப்பார்கள். வீட்டில் வாங்கிப் பார்க்கிறவனோ அதையும் கேட்பதில்லை. விரலைப் பட்டனில் வைத்துக்கொண்டேதான் உட்காருகிறான். பதினோரு வருடத்தில் என் வசனம் ஒன்றைக் கேட்டேன் என்று சொன்ன மனிதனை நான் சந்தித்ததில்லை. என் அக்காகூடப் பட்டனைத் தட்டியவள்தான், எதிர்ப் பக்கமாக. அந்த மாதிரிக் காட்சிகளை ஓட்டிவிட்டுக் கதையைப் பார்க்கப் போனவள் ஐந்தாவது நிமிடத்தில் டிவியையே அணைத்துவிட்டாள்.

வழக்கில் மாட்டிய படம் 'உப்பளத்து மாளிகையின் இரவுகள்'. மூல நாவல் தொள்ளாயிரம் பக்கம், நூற்று ஐம்பது வருடப் பழசு. உப்பளத்து முதலாளியின் விதவை அகஸ்டா, கடலோர மாளிகை, கப்பலில் போன கேப்டன், தாமதமாக வரும் அவன் கடிதம். மலைமேல் ஒரு பல் டாக்டரின் வீட்டை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். நீச்சல் குளத்தின்மேல் சாம்பல் நிறத் தார்ப்பாயை விரித்து, ஓரத்தில் இரண்டு பேர் நின்று ஆட்டினால் அதுதான் கடல். ஆடைகளை, மூடிப்போன ஒரு இசை நாடகக் கம்பெனியிலிருந்து வாங்கினோம். அகஸ்டாவின் மேலங்கிக்கு முப்பத்திரண்டு கொக்கிகள்.

"இதைக் கழட்டி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடும்" என்றாள் நாயகி லோரெட்டா. "அந்தக் காலத்துல மனுசங்க எப்படித்தான் குடும்பம் நடத்தினாங்களோ!"

அந்தப் படத்தின் கேசட்டை நெப்ராஸ்கா மாநிலத்தில் பெல்லாமி என்ற ஊரிலிருந்து ஒருவர் தபாலில் கேட்டிருந்தார். அனுப்பி வைத்தோம். அவர் அந்த ஊர்ப் போலீஸ்காரர். ஏழு தேவாலயங்களும் ஒரு தானியக் கிடங்கும் உள்ள ஊர் அது. வழக்கும் அங்கேயே நடந்தது, 1988 மார்ச் மாதம். மற்ற நால்வரையும் விட்டுவிட்டார்கள். ரோஸ்கோ மட்டும் குற்றம் சாட்டப்பட்டு நின்றார்.

எங்கள் வக்கீல் மாக்சின், கண்ணாடியை மண்டைமேல் ஏற்றிக்கொண்டு பேசும் பெண்மணி. விசாரணைக்கு முந்தின நாளே என்னைத் தனியாக அழைத்தாள்.

"வெண்டல், நீங்கதான் எனக்கு முக்கியமான சாட்சி. படத்துல இலக்கியம் இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"இன்னொண்ணு. சட்டப்படி ஜூரி படத்தை முழுசாப் பாத்தாகணும். முதல் ஃபிரேம்லேருந்து கடைசி ஃபிரேம் வரைக்கும். நடுவுல ஓட்டிவிடக் கூடாது."

"பட்டனைத் தட்டவே கூடாதா?"

"கூடாது."

"பன்னெண்டு பேருமா?"

"மாத்தாளு ரெண்டு பேரையும் சேத்துப் பதினாலு. ஏன் கேக்கறீங்க?"

வெளியே போய் ஒரு புதுக் கோட்டு வாங்கினேன். ரோஸ்கோ சிறைக்குப் போகலாம், அவர் மகளுக்கு மே மாதம் கல்யாணம், கம்பெனிக்குப் பூட்டு விழலாம். எல்லாம் தெரியும். ஆனால் எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். பதினான்கு பேர் உட்கார்ந்து என் வசனத்தைக் கேட்கப்போகிறார்கள், எழுந்து போனால் சட்டப்படி குற்றம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று ராத்திரி நான் சந்தோஷத்தில் தூங்கவில்லை.

படத்தைப் போட்டுக் காட்ட, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து சக்கரம் வைத்த டிவியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். நீதிபதி ஆம்புரோஸ் டால், எழுபது வயது, வாயில் சதா ஒரு புதினா மிட்டாய். ஜன்னல் திரைகளை இழுத்துவிடச் சொன்னார். படம் ஓடத் தொடங்கியது.

முதல் தகராறு சுருக்கெழுத்துப் பெண்ணிடமிருந்து வந்தது. நீதிமன்றத்தில் ஒலிக்கும் ஒவ்வொன்றையும் அவள் பதிவு செய்தாக வேண்டும். என் வசனங்களைக் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தவள், ஒன்பதாவது நிமிடத்தில் கையை உயர்த்தினாள்.

"ஐயா, இதை எப்படி எழுதறது?"

நீதிபதி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "வார்த்தை ஏதாவது இருக்காம்மா?"

"கடவுளைக் கூப்பிடறாங்க ஐயா. மத்தது வார்த்தை மாதிரித் தெரியல."

"கடவுளை எழுதிக்கோ. மத்ததுக்குச் 'சத்தம்'னு போடு."

அரசு வக்கீல் ஹாஃப்ஸ்டெட் எழுந்து, 'சத்தம்' என்றால் ஜூரி தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு, கதவு சாத்தும் சத்தமோ என்று நினைக்கலாம் என்றார். யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

நான் டிவியைப் பார்க்கவே இல்லை. பதினான்கு முகங்களைத்தான் பார்த்தேன். 'சத்தம்' வரும்போதெல்லாம் பதினான்கு பேரும் தலை குனிந்து தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள். டிராக்டர் விற்கும் ஜூரித் தலைவர், தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் பெண்மணி, பல்லெல்லாம் கொட்டிப்போன ஒரு விவசாயி, எல்லோரும் அப்படியே. சத்தம் ஓய்ந்து யாராவது பேசத் தொடங்கியதும் தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும். அப்பாடா, வசனம் வந்துவிட்டது என்று ஒரு பெருமூச்சு. என் வசனத்தைக் கண்டு மனிதர்கள் நிம்மதி அடைந்ததை அன்றுதான் பார்த்தேன். ஏழாம் இருக்கையில் ஒரு அம்மாள் இருந்தார். ஆர்டித் என்று பெயர், தானியக் கிடங்குக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். அவர் மட்டும் சத்தத்தின்போதும் தலையைக் குனியாமல், கூரையை, சரியாகச் சொன்னால் மாடிப் பக்கத்தை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் சாட்சி சொன்னேன். மாக்சின் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொன்னேன். ஹாஃப்ஸ்டெட் எழுந்தார். குனிந்து, ரொம்பத் தணிவாகக் கேட்டார்.

"பிக்கெட் சார், இந்தப் படத்தை வாங்குறவங்க உங்க வசனத்தைக் கேக்கத்தான் வாங்குறாங்களா?"

"இல்லைங்க."

"இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களா? யாராவது ஒருத்தர்?"

ரோஸ்கோ என்னை முறைத்தார். சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "பதினோரு வருஷத்துல ஒருத்தரும் இல்லைங்க" என்றேன். ஜூரி பக்கம் கையைக் காட்டினேன். "இவங்கதான் முதல்."

ஹாஃப்ஸ்டெட் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தார். மாக்சின் கண்ணாடியை மண்டையிலிருந்து இறக்கி, மடித்துப் பைக்குள் வைத்தாள். அது நல்ல சகுனம் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஜூரி அறைக்குள் போனது. மாற்றாட்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணிக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஜூரிக்கு ஒரு சந்தேகமாம். எல்லோரும் அவரவர் இடத்தில் போய் நின்றோம். ரோஸ்கோவின் முகத்தில் ரத்தம் இல்லை. நீதிபதி மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுப் படித்தார்.

"'கனம் நீதிபதி அவர்களுக்கு. மூணாவது நிமிஷத்துல மாடியிலேருந்து கண் தெரியாத மாமனார் சூப் கேக்கறார். அப்புறம் எண்பத்தேழு நிமிஷம் அந்த வீட்டுல எல்லாரும் எல்லாத்தையும் செய்யறாங்க. பெரியவருக்கு யாராவது சூப் குடுத்தாங்களா இல்லையா? இது தெரியாம எங்களால மேல போக முடியல.'"

நீதிபதி சீட்டை மடித்தார்.

"நியாயமான கேள்விதான்" என்றார். "எனக்கே ரெண்டு நாளா அதே கவலை."

ஹாஃப்ஸ்டெட் எழுந்தார். "சூப் குடுக்கலைங்கறதுதான் அரசுத் தரப்பு நிலைப்பாடு ஐயா."

"ஆட்சேபிக்கறேன்!" மாக்சினும் எழுந்தாள். "படத்துல காட்டலைங்கறதால குடுக்கலைன்னு ஆயிடாது. பத்தொம்பதாவது நிமிஷத்துல வேலைக்காரி தட்டோட படியேறுறா."

"பாதிப் படியிலேயே குதிரை லாயக்காரன் வந்துட்டான் ஐயா! தட்டு அங்கேயே கிடக்கு. நாப்பதாவது நிமிஷத்துல பாருங்க, தட்டு அதே படியிலதான் இருக்கு."

"அது வேற தட்டா இருக்கலாம்."

"ஒரே தட்டு! ஓரத்துல நீலப் பூ!"

நீதிபதி சுருக்கெழுத்துப் பெண்ணைப் பார்த்தார். "பத்தொம்பதாவது நிமிஷத்தைப் படிம்மா."

அவள் காகிதச் சுருளை இழுத்துத் தேடிப் படித்தாள். "'வேலைக்காரி: இதோ வருகிறேன் ஐயா. சத்தம். சத்தம். லாயக்காரன்: கடவுளே. சத்தம்.'"

"பெரியவர் ஏதாவது சொன்னாரா?"

"இல்லைங்க ஐயா. அதுக்கப்புறம் அவர் பேசவே இல்லை."

பார்வையாளர் வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

மூல நாவலில் என்ன இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்ததாக ஹாஃப்ஸ்டெட் சொன்னார், மாக்சினும் சொன்னாள், நீதிபதியும் தலையாட்டினார். ஆனால் மாமனாரைப் பற்றி மூவருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. எப்படி இருக்கும்? நாவலில் அந்த மனிதர் முப்பதாம் பக்கத்தில் செத்துப்போகிறார். அவரைச் சாகவிடாமல் மாடியில் உட்கார வைத்தவன் நான். கண் தெரியாமல் ஆக்கியதும் நான். சூப் கேட்க வைத்ததும் நான். அந்தத் தொள்ளாயிரம் பக்கத்தில் முப்பதைத் தாண்டாத ஒரு மனிதருக்காக பெல்லாமி ஊர் நீதிமன்றம் ஸ்தம்பித்து நிற்கிறது.

"இது எழுதினவருக்குத்தான் தெரியும்" என்றார் நீதிபதி. "முடிஞ்சுபோன சாட்சியைத் திரும்பக் கூப்பிடறது வழக்கம் இல்லை. ரெண்டு தரப்புக்கும் ஆட்சேபம் உண்டா?"

இரண்டு தரப்பும் இல்லை என்றன. ஹாஃப்ஸ்டெட் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள்.

தாழ்வாரத்தில் மாக்சின் என்னைச் சுவரோடு நிறுத்தினாள். உண்மை என்ன என்று கேட்டாள். சொன்னேன். சூப் காட்சி இருந்தது. எழுதினேன், படப்பிடிப்பின் மூன்றாம் நாள் சாயங்காலம் எடுக்கவும் செய்தோம், நான்கு நிமிடம். கேசட்டில் தொண்ணூறு நிமிடம்தான் கொள்ளும். குதிரை லாயத்தில் நடக்கும் 'சத்தக்' காட்சி நீண்டுபோனது. "சூப்பா, லாயமா?" என்று ஒரே வினாடி யோசித்தார் ரோஸ்கோ. "லாயம்" என்றார். வெட்டியாகிவிட்டது.

"ஐயோ" என்றாள் மாக்சின். "இதைச் சொன்னா கதை முடிஞ்சுது. இலக்கியத்தை வெட்டி எறிஞ்சுட்டு அதைச் சேத்தாங்கன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். பெரியவர் சாப்பிட்டார்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. கதைதானே, நீங்க என்ன சொன்னாலும் அதுதான் நிஜம்."

ரோஸ்கோ என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் அவர் என்னைத் தொட்டதே இல்லை. "வாத்தியாரே, சாப்பிட்டுட்டான்னு சொல்லிடுய்யா. ஏப்பம்கூட விட்டான்னு சொல்லு. என் பொண்ணை நான்தான்யா கைபிடிச்சு கூட்டிட்டுப் போகணும்."

சொல்லிவிடலாம் என்றுதான் கூண்டில் ஏறினேன். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் ஏறினேன். ஜூரி பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். எவர் தலையும் குனிந்திருக்கவில்லை. நீதிபதி கேட்டார்.

"பிக்கெட், பெரியவருக்கு சூப் கிடைச்சுதா?"

ஏழாம் இருக்கை அம்மாள் முன்னால் சாய்ந்தார். அவர் கூச்சத்தில் கூரையைப் பார்க்கவில்லை, மாடியிலிருக்கும் கிழவரைப் பற்றிய கவலையில்தான் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா கேட்கிறவர்களிடம் பொய் சொல்லலாம், இத்தனை ஆவலாகக் கேட்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

"நான் குடுத்தேங்க" என்றேன். "எழுதினேன், படமும் புடிச்சோம். உங்க கேசட்ல அது இல்லை. வெட்டிட்டாங்க."

ஹாஃப்ஸ்டெட் துள்ளி எழுந்தார். "எதுக்காக வெட்டினாங்க?"

"லாயக் காட்சிக்கு இடம் பத்தலைங்க."

"வெட்டச் சொன்னது யாரு?"

நான் ரோஸ்கோவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே நெற்றியை மேசைமேல் வைத்துவிட்டார்.

"அவர்தாங்க."

ஹாஃப்ஸ்டெட் ஜூரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். வழக்கு அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஆனால் ஜூரி அவரைப் பார்க்கவில்லை. தலைவர், டிராக்டர் விற்கிறவர், பொறுக்காமல் கையைத் தூக்கிவிட்டார்.

"ஐயா, நாங்க பேசக் கூடாதுன்னு தெரியும். அந்தக் காட்சியில என்ன வருதுன்னு அவரைச் சொல்லச் சொல்லலாமா?"

"சொல்லுங்க பிக்கெட்" என்றார் நீதிபதி.

கையில் காகிதம் இல்லை. தேவையும் இல்லை. நான் எழுந்து நின்று, இரண்டு பேருடைய வசனத்தையும் நானே சொன்னேன். அகஸ்டா கிண்ணத்தோடு மாடிக்குப் போகிறாள். கிழவர் "யாரது?" என்கிறார். "நான்தான்." "இந்த வீட்டில் எல்லார் கதவும் தட்டப்படுகிறது. எனக்குக் கண்தான் இல்லை, காது இருக்கிறது. காலடிகள் என் கதவைத் தாண்டித் தாண்டிப் போகின்றன." அவள் ஒரு கரண்டி ஊட்டுகிறாள். அவர் முகம் சுளிக்கிறார். "ஊருக்கெல்லாம் உப்பு விற்றவன் நான். என் சூப்பில் உப்பு இல்லை." அவள் எடுத்துவர எழுகிறாள். "வேண்டாம், உட்கார். நான் குடித்து முடிக்கும்வரை இங்கே சும்மா உட்கார், போதும்." அவள் உட்காருகிறாள். ரொம்ப நேரம் கழித்துச் சொல்கிறாள். "இந்த வீட்டில் எல்லோரும் என்னைப் படுக்கச் சொன்னார்கள். உட்காரச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்."

அவ்வளவுதான் காட்சி. சுருக்கெழுத்துப் பெண் கடைசி எழுத்தையும் அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பல்லில்லாத விவசாயி மூக்கை உறிஞ்சினார். நீதிபதி மிட்டாயைக் கடித்துவிட்டார், அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

ஜூரி நாற்பது நிமிடத்தில் திரும்பியது. தலைவர் எழுந்து நின்று, தீர்ப்பைப் படிப்பதற்குமுன் ஒரு சந்தேகம் என்றார்.

"வயசான மனுசனைப் பட்டினி போட்டதுக்குச் சட்டத்துல ஏதாவது தண்டனை உண்டாங்க ஐயா?"

"நிஜ மனுசன்னா உண்டு. கதையில வர்றவருக்கு இல்லை."

"நாங்களும் அதைத்தான் தேடினோம்." அவர் காகிதத்தைப் பார்த்தார். "அப்படின்னா குற்றவாளி இல்லைன்னுதான் சொல்லியாகணும். ஆபாசம் மட்டும்தான் கேஸு. மதிப்பில்லாத படத்தைப் பாத்துட்டு நாங்க இப்படி காலையிலேருந்து சண்டை போட்டுக்க மாட்டோம்." பிறகு ரோஸ்கோ பக்கம் திரும்பினார். "ஆனா இந்த ஆளுகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கணும், அனுமதி உண்டா?"

"கேளுங்க."

"லாயத்துக்காகவாய்யா அதை வெட்டின? வெக்கமா இல்ல உனக்கு?"

ரோஸ்கோ எழுந்து நின்று, தொப்பியில்லாத தலையைத் தொப்பி இருப்பதுபோலத் தடவிக்கொண்டு, "இருக்குங்க" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தாழ்வாரத்தில் ஒரே களேபரம். ரோஸ்கோ மாக்சினைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "காட்டிக்குடுத்துட்டல்ல? ஊருக்கு வா, வெச்சிக்கிறேன் கச்சேரி" என்றார். உடனே மறுபடி அழுதார். ஹாஃப்ஸ்டெட் என் பக்கம் வந்து, தோற்ற ஆத்திரத்தோடு கையைக் குலுக்கி, "அந்தத் தட்டு ஒரே தட்டுதானே?" என்று கேட்டார். ஒரே தட்டுதான் என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூரிக்காரர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆர்டித் அம்மாள் நேராக என் எதிரே வந்து நின்றார். பாராட்டப்போகிறார் என்று நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"என்ன சூப்பு?" என்றார்.

"என்னதுங்க?"

"அவருக்குக் குடுத்தது. என்ன சூப்பு?"

"சூப்பு... சூப்புதாங்க. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"நல்லா இருக்கே கதை! முப்பது வருஷமா சூப்பு வெச்சுக்கிட்டிருக்கேன் நான். சூப்புன்னு ஒரு சூப்பு உலகத்துல கிடையாது. கோழியா, பட்டாணியா, வெறும் எலும்புத் தண்ணியா? உப்பில்லைன்னு அந்த மனுசன் சொல்றாரே, கோழின்னா சாறே கொஞ்சம் உப்பு குடுக்கும், அவ்ளோ சீக்கிரம் தெரியாது. உருளைக்கெழங்குன்னாத்தான் முதல் வாயிலேயே சப்புன்னு இருக்கும். இதைக்கூட யோசிக்காம எழுதிட்டீங்களா?"

"யோசிக்கலைங்க."

"அந்தப் பொண்ணு கடைசியில பேசறது நல்லாருக்கு. அதுல கை வெக்காதீங்க. ஆனா அவ கரண்டியை ஊதிக் குடுத்தாளா?"

"அதுவும் எழுதலைங்க."

"கண்ணு தெரியாதவருக்கு ஊதாம குடுத்தா வாய் வெந்துடாதா?" அவர் என்னைத் தாட்சண்யமே இல்லாமல் பார்த்தார். "ஏன் சார் அழுவுறீங்க? நான் ஒண்ணும் தப்பா சொல்லலையே."

"இல்லைங்க" என்றேன். "திட்டுங்க. இன்னும் என்னென்ன தப்பு இருக்குன்னு சொல்லுங்க."

"நிறைய இருக்கு. அந்தக் கேப்டன் எழுதற கடிதம் ஒண்ணு வருதே, அதுலேருந்து ஆரம்பிக்கறேன்."

மாக்சினிடம் பேனாவும் காகிதமும் வாங்கி, நீதிமன்றச் சுவரில் வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.